கட்டிலோடு அலைகிறவள்

கட்டிலின் தலைமாட்டைத் தூக்கி இடுப்பில் சாய்த்துக்கொண்டு, கால்மாட்டைத் தரையில் தேய விட்டபடி, அறுத்த கோதுமைத் தாளின் ஊடே நடந்துபோகிறாள் கெசியா ட்ரெம்பாத். நேற்று வேலியோரம் கிடந்த கட்டில் இன்று குட்டைக்கரைக்குப் போகிறது. நாளைக்கு எங்கே போகும் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வழியில் மூச்சு வாங்க நின்றால்கூடச் சும்மா நிற்கமாட்டாள். காலால் ஒரு மண்கட்டியை உடைப்பாள், கையால் ஒரு முள்செடியைப் பிடுங்குவாள், வாயால் யாரையாவது திட்டுவாள். பெரும்பாலும் திட்டு வாங்குவது வெள்ளைக் கொண்டைக்கிளிகள்தான். விம்மெரா சமவெளியில் விதைக்கிறவன் ஒருவன் என்றால் தின்கிறவை ஆயிரம்.

வயது முப்பத்து நாலு. ஒல்லி, ஆனால் முறுக்கேறிய ஒல்லி. தம்பியின் பழைய தொப்பி, தம்பியின் பழைய பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே இரண்டு அங்குலம் வெட்டிவிட்ட பாவாடை. பாவாடையை வெட்டியதைப் பற்றிக் கோயிலில் பெண்கள் ஒரு மாதம் பேசினார்கள். "வெட்டின துணியில ரெண்டு மாவுப்பை தைச்சேன். உங்களுக்கும் வேணும்னா சொல்லுங்க" என்றாள் கெசியா. பேச்சு நின்றது. அடுத்த அறுவடைக்குள் இன்னும் நாலு பாவாடைகள் குட்டையாகிவிட்டன என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

உட்காரமாட்டாள். காலில் சக்கரம் கட்டிவிட்டிருக்கிறதோ என்று தோன்றும். சாம்பலில் சுட்ட ரொட்டியைக் கரும்புப்பாகில் தோய்த்து, ஒரு கையில் அதையும் மறு கையில் தேநீர்க் குவளையையும் பிடித்துக்கொண்டு நடந்தபடியேதான் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நிற்பாள். போதகர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, இவ்வளவு பக்தியா என்று வியந்தார். "பக்தியெல்லாம் இல்லீங்க. உக்காந்தா தூங்கிடுவேன். நின்னா நீங்க பேசுறது காதுல விழும்" என்றாள். போதகர் நல்ல மனுஷர். அதை அவர் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்.

இந்த அலைச்சலுக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் அவளைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நாசமாய்ப் போகட்டும். கடலுக்கு அப்பால், இங்கிலாந்தின் கார்ன்வாலில், சுரங்கத்து வாசலில், பத்து வயதில் அவளைச் செம்புக்கல் உடைக்க விட்டார்கள். ஒரு பலகை, ஒரு சுத்தியல், முன்னால் ஒரு குவியல். மழையானாலும் பனியானாலும் அதே பலகை, அதே அடிமண். பத்தொன்பது வருஷம். "அந்தப் பலகைக்கு முன்னாடி நான் நின்ன இடத்துல ரெண்டு குழி விழுந்துபோச்சு. என் கால் அளவுக்கு. நான் விட்டுக் கிளம்பின அன்னிக்கு வேற ஒருத்தி வந்து அந்தக் குழியில கால வெச்சு நின்னா. சரியா இருந்துச்சு அவளுக்கு" என்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தணிந்துவிடும். பிறகு உடனே எழுந்துபோய் எதையாவது தூக்குவாள்.

தம்பி ஜேபஸ் அவளுக்கு நேர்மாறு. உட்கார்ந்த இடத்தில் வேர் விடுகிற ஆள். இருவரும் 1871-இல் அரசாங்கத்திடமிருந்து பக்கத்துப் பக்கத்துக் காணிகளாகப் பார்த்து எடுத்தார்கள். ஆளுக்கு முந்நூற்றிருபது ஏக்கர். மேற்கே தம்பிக்கு, கிழக்கே அக்காவுக்கு. எங்கள் பிரிட்டிஷ் காலனியில் கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் காணி எடுக்கலாம். புருஷன் இருக்கிறவளுக்குக் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான், மாவு மில்லில் வேலை பார்த்த ஒருவர் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு பெண் கேட்டு வந்தபோது, "மூணு வருஷம் கழிச்சு வாங்க. கையில காணி உறுதியாகட்டும்" என்றாள். அவர் வரவில்லை. அவளுக்கு வருத்தமே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். அன்றைக்கு ஒரே மூச்சில் இருபத்திரண்டு கம்பங்களுக்குக் குழி தோண்டினாள்.

காணிக்குச் சட்டம் மூன்று நிபந்தனை வைத்திருக்கிறது. வேலி போட வேண்டும், பத்தில் ஒரு பங்கு உழ வேண்டும், மூன்று வருஷம் அந்த மண்ணிலேயே குடியிருக்க வேண்டும். மூன்றாவதுதான் கழுத்தறுப்பு. ஆளுக்கொரு வீடு கட்ட யாரிடம் மரம் இருக்கிறது? அதனால் எங்கள் பக்கத்து அண்ணன் தம்பிகளும் அக்கா தம்பிகளும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லைக் கோட்டின் மேலேயே குடிசை கட்டிவிடுவது. பாதி குடிசை இந்தக் காணியில், பாதி அந்தக் காணியில். அவரவர் கட்டில் அவரவர் பக்கம். எங்கே கட்டிலோ அங்கே குடியிருப்பு, அரசாங்கக் காணிப் பரிசோதகர்களும் அதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ஜேபஸ் அப்படிக் கட்டிய தங்கள் குடிசையின் களிமண் தரையில், ஆட்டின் முட்டி எலும்புகளை வரிசையாகப் பதித்து எல்லை வரைந்திருக்கிறான். அழகான வேலை. அடுப்பு அவன் பக்கம் விழுந்தது, சன்னல் அவள் பக்கம். "அக்கா, உன் நாட்டுலேர்ந்து கொஞ்சம் வெளிச்சம் அனுப்பு" என்பான். "உன் நாட்டுலேர்ந்து வெந்நீர் அனுப்பு, தரேன்" என்பாள். விருந்தாளி வந்தால் எலும்பு வரிசையைத் தாண்டுகையில் தொப்பியைத் தூக்க வேண்டும் என்பது வேடிக்கையான வழக்கம்.

முதல் மூன்று மாதம் கெசியாவின் கட்டிலும் சட்டப்படி அவள் பக்கத்துச் சன்னலடியில்தான் கிடந்தது. அவளே செய்த கட்டில். நாலு மரக்கால், இரண்டு கழி, நடுவே கோதுமைச் சாக்கு. முதல் பயிர் முளை விட்டதும் கங்காருக்கள் மேய வந்தன. கட்டிலை இழுத்துக்கொண்டு பயிரோரம் போய்ப் படுத்தாள். கங்காருக்கள் விலகின. விடிந்து கண் திறந்தபோது, படுத்தபடியே, எதிரே ஒரு மரக்கட்டை, அதன் பக்கத்தில் ஒரு புற்று, புற்றுக்கு அப்பால் தண்ணீர் அரித்த ஒரு ஓடை கண்ணில் பட்டன. அன்று முழுக்க அங்கேயே வேலை செய்தாள். அப்போது புரிந்துவிட்டது அவளுக்கு. "குடிசையில எந்திரிச்சா நேத்து விட்ட வேலைதான் ஞாபகம் வரும். நிலத்துல எந்திரிச்சா அந்த இடத்துக்கு என்ன வேணுமோ அது தானா கண்ணுல படும். அந்த இடத்து வேலை முடிஞ்சா கட்டிலைத் தூக்கு, அடுத்த இடம்." அப்படியே மூன்று வருஷம். மழை பெய்தால் கட்டில் மேல் ஒரு தார்ப்பாய். அவ்வளவுதான். அவள் காணியில் அவள் தலை வைத்துப் படுக்காத மூலை இல்லை. எங்களில் யாரும் எங்கள் நிலத்தை அவ்வளவு அறியோம், இதை நான் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

குடிசையின் கிழக்குப் பாதியில் இப்போது விதை மூட்டையும் ஒரு நாற்காலியும்தான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன ஜனவரி வரை.

அறுவடை முடிந்த கையோடு ஜேபஸுக்குக் கண்நோய் வந்தது. மணல்காற்று வீசும் பருவத்தில் எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு வருகிற நோய்தான், ஆனால் அவனுக்கு இரண்டு கண்ணும் மூடி, சீழ் கட்டி, ஈரத்துணி சுற்றிக்கொண்டு கிடந்தான். அவனுடைய கோதுமை மூட்டைகள் மேற்குக் கோடியில் வெட்டவெளியில் அடுக்கி இருந்தன. விடியற்காலையில் கொண்டைக்கிளிகள் வந்து சாக்கைக் கிழித்தால் வருஷத்து உழைப்பு போச்சு. கெசியா யோசிக்கவே இல்லை. கட்டிலைத் தம்பியின் நிலத்துக்கு இழுத்துப்போய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில், பரிசோதகர் இம்ரி குதிரையில் வந்து இறங்கினார்.

இம்ரியை நாங்கள் எல்லோரும் அறிவோம். லஞ்சம் வாங்காதவர், சிரிக்காதவர், பையில் அளவு நாடா இல்லாமல் எங்கும் போகாதவர். கெட்டவர் அல்ல. அதனால்தான் பயம். மூன்று வருஷக் கெடு அந்த மாதம் முடிகிறது. அவர் சரி என்று எழுதினால் காணி உறுதி. இல்லை என்று எழுதினால் காணி திரும்ப அரசாங்கத்துக்கு. அங்கிருந்து யார் கைக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். வடக்கே இருக்கிற பெரிய ஆட்டுப்பண்ணைக்கு, கெசியா காணியில் இருக்கும் ஊற்றுக்குட்டை மேல் முதல் நாளிலிருந்தே கண். அந்தக் குட்டை போனால் சொட்டுத் தண்ணீர் இல்லாத ஜேபஸின் காணியும் போன மாதிரிதான்.

கண்நோய்க்கு மருந்து கொண்டுவந்திருந்த ஹனோரா கட்மோர், மூன்று மைல் தள்ளிக் குடியிருக்கும் ஐரிஷ்காரி, அந்த நேரம் குடிசையில் இருந்தாள். அவள் சொல்லித்தான் மீதி எங்களுக்குத் தெரியும்.

இம்ரி எலும்பு வரிசையைத் தாண்டினார். தொப்பியைத் தூக்கவில்லை. கிழக்குப் பாதியைச் சுற்றிப் பார்த்தார். விதை மூட்டை, நாற்காலி.

"உங்க கட்டில் எங்கம்மா?"

கெசியா வாசலில் நின்றாள். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "மேக்கால இருக்கு. தம்பியோட கோதுமைகிட்ட" என்றாள்.

"தம்பி நிலத்துல."

"ஆமா."

இம்ரி புத்தகத்தைத் திறந்து எழுதினார். மெதுவாக, கொட்டை எழுத்தில். பெரிய பண்ணையிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது, அந்தப் பெண் தன் காணியில் குடியிருப்பதே இல்லை, தம்பி வீட்டு அடுப்பில் சமைத்து அவனோடுதான் இருக்கிறாள் என்று, அதை விசாரிக்கத்தான் வந்தேன் என்றும் ஒளிக்காமல் சொன்னார். "அடுப்பு உங்க பக்கம் இல்ல. கட்டிலும் இல்ல. நான் என்னன்னு எழுதட்டும்?"

ஹனோராவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, தினம் ராத்திரி இவ இந்தச் சன்னலடியிலதான் படுப்பா. என் ரெண்டு கண்ணால பாத்திருக்கேன்."

"உங்க குடிசை மூணு மைலுக்கு அந்தப் பக்கம்ல இருக்கு, மிசஸ் கட்மோர்."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றாள் ஹனோரா, விட்டுக்கொடுக்காமல்.

கட்டிலில் கிடந்த ஜேபஸ் துணிக்கட்டோடு தலையைத் தூக்கினான். "அக்கா, மூட்டைப்பூச்சின்னு சொல்லு. வெயில்ல காய வெச்சிருக்கோம், சாயங்காலம் உள்ள வந்துரும்னு சொல்லு." ரகசியமாகச் சொன்னதாக அவன் நினைப்பு. கண் தெரியாதவனுக்கு அறை எவ்வளவு சிறியது என்று மறந்துவிட்டது. இம்ரி பென்சிலை நிறுத்திக் காத்திருந்தார். ஹனோரா சத்தியம் செய்கிறாள், அந்த மனிதர் அந்தப் பொய்யை ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். ஒரு வார்த்தை போதும். முந்நூற்றிருபது ஏக்கர்.

கெசியா வாயைத் திறந்தாள், மூடினாள். இந்த மண்ணுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாகப் பயந்தாள். பிறகு அந்தப் பயமே கோபமாகத் திரும்பியது.

"மூட்டைப்பூச்சி இல்லீங்க. அந்தக் கட்டில் இந்தக் குடிசைய விட்டுப் போயி மூணு வருஷம் ஆகப்போகுது."

"ஐயோ பாவி" என்றாள் ஹனோரா.

"சன்னலடியில படுத்தேன்னு பொய் சொன்னா, நான் நெசமா படுத்த இடமெல்லாம் பொய்யாப் போயிரும்ல. எழுதுறதுக்கு முன்னாடி கூட வாங்க. வந்து பாத்துட்டு எழுதுங்க."

போனார்கள். அவள் முன்னால், அவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னால், செருப்பு அறுந்த ஹனோரா அதற்கும் பின்னால். முதல் இடம் வாசலிலிருந்து இருநூறு அடிதான். கெசியா மண்டியிட்டு, இரண்டு கையாலும் புழுதியை வழித்தாள். எங்கள் மண் மழையில் மாவாகக் குழையும், கோடையில் கல்லாக இறுகும். மழைக்காலத்தில் பதிந்த எதுவும் அப்படியே நிற்கும். புழுதிக்கு அடியில் நாலு குழிகள். கட்டில்கால் குழிகள்.

இம்ரி நாடாவை எடுத்தார், குழிக்குக் குழி அளந்தார், எழுதினார். அகலம் இரண்டடி நாலு அங்குலம். நீளம் ஐந்தடி பத்து.

"இங்க கங்காருவுக்குக் காவல்" என்றாள் கெசியா. அடுத்த இடத்துக்கு நடந்தாள். "இங்க அந்த ஓடைய அடைச்சேன்." அளந்தார். இரண்டடி நாலு, ஐந்தடி பத்து. "இங்க வேலி திரும்புது. தனியா ஆறு நாள்." அளந்தார். உழுத நிலத்தில் சுவடு இருக்காது. "இங்க இருந்துச்சு, நானே உழுதுட்டேன், இத எழுதாதீங்க" என்று அதையும் சொல்லிவிட்டுப் போனாள். ஓர் இடத்தில் மூன்று குழிகள்தான் இருந்தன. இம்ரி நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ஒரு கால் உடைஞ்சிருந்துச்சு. கல்லு முட்டுக் குடுத்தேன்." புல்லை விலக்கிப் பார்த்தார். தட்டைக்கல் கிடந்தது. அதையும் எழுதிக்கொண்டார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. இருபதாவது இடத்தில் இம்ரி, போதும்மா என்றார். "கெழக்கு வேலி இன்னும் இருக்கு" என்று அவள் நடந்துகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்ன ஹனோராவைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. குழி எங்கே என்று அவள் தேடவே இல்லையாம். நேராகப் போய் மண்டியிடுவாளாம், வழிப்பாளாம், இருக்குமாம்.

ஊற்றுக்குட்டைக் கரையில் ஒரு மேடு உண்டு. சாம்பலும் சிப்பியும் சுட்ட மண்கட்டியும் கலந்த மேடு. பக்கத்து மரத்தில் ஆள் நீளத்துக்குத் தோணிக்காகப் பட்டை உரித்த பழைய தழும்பு. இம்ரி அங்கே நாடாவை எடுத்தார்.

"இது என்னோடது இல்லீங்க. எனக்கு முன்னாடி இங்க இருந்தவங்க அடுப்பு. ஒரு தடவ இங்க கட்டிலப் போட்டேன். படுக்க முடியல. எடுத்துட்டேன்."

அந்த முன்னாடி இருந்தவர்கள், இந்த மண்ணின் பூர்வகுடிகள், இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், மிஷன்காரர்கள் காட்டிய இடத்தில் இருக்கிறார்கள். அவர்கள் எத்தனை வருஷம் குடியிருந்தார்கள் என்று அளக்க யாரும் நாடா கொண்டு போகவில்லை. இம்ரி கொஞ்ச நேரம் அந்த மேட்டைப் பார்த்துவிட்டு நாடாவைச் சுருட்டினார். அதற்கு அவர் புத்தகத்தில் கட்டம் இல்லை.

முப்பத்தோராவது இடத்தில் காணி முடிந்தது. கிழக்கு மூலை, சர்வேக்காரர்கள் அடித்த முளைக்கு அருகே. அங்கேயும் நாலு குழிகள். இம்ரி அளந்து முடித்து எழுந்தபோது முழங்கால் சொடுக்கியது. குடிசையில் எழுதிய பக்கத்தைத் திருப்பிப் படித்தார். அதன் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு சேணப்பையிலிருந்து சர்வே படத்தை எடுத்துக் குதிரையின் சேணத்தின் மேல் விரித்தார். முந்நூற்றிருபது ஏக்கர் அதில் ஒரு கை அகலச் சதுரம். பக்கத்தில் தம்பியின் சதுரம்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா படிவத்துல ஒண்ணு கேக்குறான். குடியிருப்பு எந்த இடம்னு காணிக்காரங்க தன் கையால படத்துல ஒரு புள்ளி வைக்கணும். ஒரே ஒரு புள்ளி." பென்சிலை நீட்டினார்.

கெசியா பென்சிலை வாங்கினாள். படத்தைப் பார்த்தாள். முனையைக் குட்டைக்கு நேரே கொண்டுபோனாள், எடுத்தாள். வேலித் திருப்பத்துக்குக் கொண்டுபோனாள், அங்கேயும் வைக்கவில்லை. எங்கே வைத்தாலும் மற்ற முப்பதும் இல்லை என்றாகிவிடும். ஹனோரா பின்னாலிருந்து, "எங்கயாவது வையேன்டி, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள்.

கெசியா பென்சிலை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். மத்தியானம் முழுக்கப் புழுதி வழித்து, வியர்வையில் குழைந்து, செம்மண் அப்பியிருந்த தன் இடது கையை விரித்து, படத்தில் தன் சதுரத்தின் மேல் அழுத்தி வைத்தாள்.

குதிரை ஒருமுறை தோலைச் சிலிர்த்தது. இம்ரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரசாங்கப் படம் அது, அழுக்குப்படக் கூடாதது. பென்சிலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி, முனையை அவள் மணிக்கட்டின் ஓரத்தில் வைத்தார். கையைச் சுற்றிக் கோடு இழுக்கத் தொடங்கப்போனவர் நிறுத்தினார்.

"சுண்டுவிரல் உங்க தம்பி காணியில இருக்கும்மா" என்றார்.

கெசியா சுண்டுவிரலை உள்ளே மடக்கிக்கொண்டாள்.